ஊசி நூல் பக்கம்: குவில்ட்டின் பின்புறம்

கேள்வி: கடந்த ஓகஸ்ட் மாதம் தங்கை வீட்டுக்குப் போயிருந்தபோது இங்கிலாந்தின் பேர்மிங்ஹாம் குவில்ட் திருவிழாவைப் பார்த்ததாக எழுதியிருந்தீர்கள். அங்கே உங்கள் மனதில் நின்றது எது? குவில்ட் என்பது ஒட்டுப்போட்ட போர்வைதானே?
(வாசகி, மல்லாவி)

பதில்: ஒட்டுப்போட்ட துணி குவில்ட்டின் மேற்பகுதி மட்டுமே. அதன் கீழே மெல்லிய பஞ்சுப் படை, அதற்கும் கீழே இன்னொரு துணி என மூன்றையும் அடுக்கி, மூன்றையும் ஊடுருவும்படி நூலோட்டம் போட்டு இறுக்கினால்தான் அது குவில்ட் ஆகும். அந்த நூலோட்டம் இல்லாத போர்வையை நாலு தரம் தோய்த்துப் பாருங்கள். பஞ்சு முழுவதும் ஒரு மூலையில் போய்த் திரண்டு நிற்கும்.

2003 இல் தொடங்கிய அந்தத் திருவிழாவில் சனம் அதிகமாகக் கூடி நின்றது, விலங்குகளின் முகங்களையும் கடற்கரைகளையும் ஓவியம் போலத் தீட்டிக்காட்டிய பெரிய குவில்ட்டுகளின் முன்னால்தான். கணினி வழிநடத்தும், நீண்ட கை கொண்ட பெரிய குவில்ட் மெசினில் நெருக்கமாகத் தைக்கப்பட்டவை சில அவற்றில் இருந்தன. அவற்றைச் செய்தவர்களின் திறமையை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன்; என்றாலும் மண்டபத்தின் அடுத்த வரிசைக்குப் போனதும் அவை எனக்கு மறந்துவிட்டன.

மறக்காமல் நிற்பது ஒரு வெள்ளைக் குவில்ட். ஒட்டு இல்லை, நிறம் இல்லை. ஒரே வெள்ளைத் துணியில் வெள்ளை நூலால் கையால் போட்ட இலைகளும் வளையங்களும் மட்டுமே. தூரத்திலிருந்து பார்த்தால் வெறும் விரிப்பு. பக்கவாட்டிலிருந்து வெளிச்சம் விழும் இடத்தில் நின்றபோதுதான், தையல் அமுக்கிய இடங்கள் நிழலாகவும் பஞ்சு புடைத்த இடங்கள் ஒளியாகவும் எழுந்து, கொடி முழுவதும் கண்ணுக்குத் தெரிந்தது. பார்வையாளர்கள் குவில்ட்டுகளைத் தொடக் கூடாது என்பதால், வெள்ளைக் கையுறை போட்ட தொண்டர் ஒருவரிடம் கேட்டேன்; அவர் கீழ் ஓரத்தை மெல்லத் தூக்கிப் பின்புறத்தைக் காட்டினார். அங்குலத்துக்குப் பத்துத் தையல் இருந்தது. முன்புறத்தில் இருந்த அதே நீளம், அதே இடைவெளி. எவ்வளவு தேடியும் ஒரு முடிச்சுக்கூடக் கண்ணில் படவில்லை, எல்லாம் பஞ்சுக்குள் இழுத்து மறைக்கப்பட்டிருந்தன. ஓரத்துக்குச் சற்று உள்ளே மட்டும், ஊசி விரலில் குத்தியதால் வந்திருக்கக்கூடிய, கடுகளவு மங்கிய ஒரு கறை. அந்தக் கறையைப் பார்த்தபோது, முகம் தெரியாத அந்தப் பெண் எனக்கு மிகவும் கிட்ட வந்துவிட்டாள். எங்கள் தையல் ரீச்சர் சட்டையைப் புரட்டிப் பார்க்காமல் ஒருநாளும் புள்ளி போட்டதில்லை; அவர் அன்று என் பக்கத்தில் நின்றிருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன்.

கேள்வி: வன்னி வெயிலுக்குப் பஞ்சு வைத்த போர்வை எதற்கு?
(வாசகர், நெடுங்கேணி)

பதில்: பஞ்சை விட்டுவிடுங்கள். வங்காளத்துப் பெண்கள் காந்தா என்ற போர்வையைத் தைக்கும்போது பழைய சேலைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, சேலைக் கரையிலிருந்தே நூலை உருவியெடுத்து, முழுப் பரப்பிலும் சிறுசிறு நூலோட்டம் போடுவார்கள்; நடுவில் வைக்க வேறெதுவும் அவர்களுக்குத் தேவைப்படவில்லை. கர்நாடகத்தில் வாழும் ஆபிரிக்க வழிவந்த சித்தி இனப் பெண்கள் பழைய உடுப்புத் துண்டுகளை ஓரத்திலிருந்து தைக்கத் தொடங்கிச் சுற்றிச் சுற்றி நடுவுக்கு வருவார்கள். நான்கு மூலைகளிலும் மடித்துச் செருகும் சிறு துண்டுகளுக்குப் பூ என்று பெயர். ஏணை கட்டிக் கட்டி மெதுமையாகிப்போன நூற்சேலை எந்த வீட்டில் இல்லை? அப்படி இரண்டை அடுக்கித் தைத்தால் மார்கழிப் பனிக்குத் தாராளமாகப் போதும்.

கேள்வி: என் கணவரின் ஏழு சேட்டுகளும் நான்கு சாரங்களும் தகரப்பெட்டியில் இருக்கின்றன. முகாமுக்கும் கூட வந்து, மீள்குடியேறியபோதும் கூட வந்தவை. வெட்டினால் அவரையே வெட்டுவது போல் இருக்குமோ என்று பயமாக இருக்கிறது. வெட்டாமல் வைத்திருந்தால் பூச்சி அரித்துவிடும். நான் என்ன செய்யலாம்?
(வாசகி, புதுக்குடியிருப்பு)

பதில்: சகோதரி, உங்கள் கடிதத்தைப் பல தரம் வாசித்த பின்பே இதை எழுதுகிறேன். அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில், ஆறு வளைந்து சூழ்ந்தோடும் ஜீஸ் பென்ட் என்ற கிராமம் இருக்கிறது. பருத்தித் தோட்டத்தில் அடிமைகளாக இருந்தவர்களின் வழிவந்த கறுப்பினப் பெண்கள் அங்கே தலைமுறை தலைமுறையாகக் குவில்ட் தைத்து வருகிறார்கள். 1942 இல் அவ்வூர் மிசூரி பெட்வே என்ற பெண், தம் கணவர் இறந்த பின்னர் அவருடைய வேலை உடுப்புகளை எடுத்து ஒரு குவில்ட் தைத்தார். அவரை நினைத்துக்கொள்வதற்கும், அதைப் போர்த்திக்கொண்டு அவருடைய அன்புக்குள் படுப்பதற்குமே தாயார் அதைத் தைத்ததாக மகள் பின்னாளில் நினைவுகூர்ந்தார். அந்தக் கிராமத்துப் பெண்களின் குவில்ட்டுகளை 2002 இல் ஹூஸ்டன் நுண்கலை அருங்காட்சியகமும் நியூயோர்க் விட்னி அருங்காட்சியகமும் சுவரில் மாட்டிக் காட்டின. அவர்களுடைய வேலை உடுப்புக் குவில்ட்டுகளில் பொக்கற் பிரித்தெடுத்த இடம் மட்டும் வெளுக்காமல், பொக்கற்றின் வடிவிலேயே கடும் நிறமாக நிற்பதைக் காணலாம். அந்தச் சதுரத்தைப் பார்ப்பவருக்கு, அதை அணிந்தவர் வெயிலில் நின்று உழைத்தவர் என்பதை யாரும் சொல்லத் தேவையில்லை.

ஆகவே, உங்கள் மனம் இசையும் நாளில் வெட்டுங்கள் என்பதே என் எண்ணம். ஆனால் எல்லாவற்றையும் வெட்ட வேண்டாம். உங்களுக்கு மிகவும் பிடித்த ஒரு சேட்டைத் தோய்க்காமல், பிரிக்காமல், அப்படியே வைத்துக்கொள்ளுங்கள். மற்றவற்றில் முதுகுப் பக்கமே பெரிய, தையல் விழாத துணி, அங்கிருந்து தொடங்குங்கள். கொலரும் கமக்கட்டும் நைந்திருக்கும், அவற்றை ஒதுக்கிவிடலாம். சாரத்தை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்தால் இருந்தெழும்பித் தேய்ந்த இடம் தெரியும். அந்தப் பகுதியின் கீழே இன்னொரு மெல்லிய துணி வைத்துத் தைத்தால் கிழியாது. பொத்தான் பட்டியை வெட்டி எறியாமல், பொத்தான்களுடனேயே நடுவில் ஒரு நீளப் பட்டியாக வையுங்கள். இரவில் கை தானாக அங்கே போகும்.

கேள்வி: நான் காமன்ட்ஸில் வேலை செய்கிறேன். வெட்டுத்துண்டுகள் மலிவாகக் கிடைக்கின்றன, ஆனால் பெரும்பாலும் ரீசேட் துணிதான். சேர்த்துத் தைத்தால் இழுபட்டு அலையலையாக நிற்கிறது. இதை விட்டுவிட்டு நல்ல துணி வாங்கத்தான் வேண்டுமா?
(வாசகி, கிளிநொச்சி)

பதில்: வாங்க வேண்டாம், தங்கச்சி. ஜீஸ் பென்ட் பகுதிப் பெண்கள் 1966 இல் தொடங்கிய கூட்டுறவுக்கு, 1972 இல் சியர்ஸ் என்ற அமெரிக்க வணிக நிறுவனத்துக்காகக் கோடுறோய் என்ற வரிவரியாகப் புடைத்த தடித்த துணியில் தலையணை உறை தைக்கும் வேலை கிடைத்தது. மிஞ்சிய துண்டுகள் வீடுகளுக்குப் போயின. தடித்த, மடக்கத்துக்கு இணங்காத அந்தத் துணியில் நுணுக்கமான வேலை செய்ய முடியாது என்பதால், அவர்கள் பெரிய பட்டைகளாகவே வெட்டித் தைத்தார்கள்; அந்தக் காலத்துக் குவில்ட்டுகளின் அழகே அந்தப் பெரிய பட்டைகள்தாம். உங்கள் துணியும் எப்படித் தைக்க வேண்டும் என்பதைத் தானே சொல்கிறது.

ரீசேட் துணி பின்னல் துணி. நெய்த துணி அல்ல, அதனால்தான் இழுபடுகிறது. பழைய பருத்திப் படுக்கைவிரிப்பைத் தோய்த்துக் காயவைத்து, 12 அங்குலச் சதுரங்களாக வெட்டி அடித்துணியாக வைத்துக்கொள்ளுங்கள். ரீசேட் துண்டுகளை அதன்மேல் ஒவ்வொன்றாகப் பரப்பி, அடித்துணியோடு சேர்த்தே தையுங்கள். மெசினுக்குப் பின்னால் துணியைப் பிடித்து இழுக்காதீர்கள், அது தன்பாட்டில் போகட்டும். பின்னல் துணிக்கென்று உருண்டை முனை ஊசி உண்டு. சாதாரண ஊசி இழையை அறுத்துச் சிறு துவாரங்களை விடும். மூன்று அங்குலத்துக்குக் குறைந்த துண்டுகளைத் தொடக்கத்தில் தவிர்த்துவிடுங்கள். முதல் சதுரம் முடிந்ததும் படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள். பின்புறத்தையும் எடுங்கள்.