அனுமதிக்குப் பிந்தைய செலவைத் திட்ட அறிக்கையில் காட்டுவது பற்றி

வணக்கம். மருந்துகளுக்கு மசியாத கிருமிகளுக்கான புதிய ஆன்டிபயாடிக்குக்குத் திட்ட அறிக்கை எழுதும் தாங்கள், அனுமதி கிடைத்த இரண்டாம் ஆண்டிலேயே விற்பனை வருவாயில் கடன் அடைந்துவிடும் என்று போட்ட கணக்கு சரிதானா எனக் கேட்டிருந்தீர்கள். அந்த வரியை மாற்றிவிடுவதே நல்லது.

அமெரிக்காவின் அக்கேயோஜென் நிறுவனம் உருவாக்கிய பிளாசோமைசின் என்ற ஆன்டிபயாடிக், சிக்கலான சிறுநீர்ப்பாதைத் தொற்றுக்கு 2018 ஜூனில் அனுமதி பெற்றது. 2019 ஏப்ரலில் நிறுவனமே திவால் மனு கொடுத்தது. மருந்து பயனற்றது என்பதால் அன்று. அதே 2019இல் உலக சுகாதார நிறுவனம் அதை அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்தது. புதிய ஆன்டிபயாடிக்கைக் கடைசிக் கட்டத்துக்கென்று மருத்துவர்கள் எடுத்துவைப்பதாலும் (மருத்துவ நோக்கில் அதுவே முறை), நோயாளிக்குச் சில நாள் ஊசியோடு சிகிச்சை முடிந்துவிடுவதாலும், விற்பனை மெல்லத்தான் ஏறும். உற்பத்திச் செலவும் பாதுகாப்புக் கண்காணிப்புச் செலவும் அதற்காகக் காத்திருப்பதில்லை.

ஆகவே அனுமதிக்குப் பிந்தைய ஐந்தாண்டுச் செலவைத் தனித் தலைப்பில் காட்டி, அதற்கான முதலீட்டையும் இப்போதே கேளுங்கள். இங்கிலாந்தின் தேசிய சுகாதார சேவை 2022இல், செஃபிடெரோகோல் உள்ளிட்ட இரு ஆன்டிபயாடிக்குகளுக்கு, எத்தனை குப்பி செலவானது என்று பாராமல், ஒவ்வொன்றுக்கும் ஆண்டுக்கு 1 கோடி பவுண்டு வரை சந்தாவாகத் தரும் ஏற்பாட்டைத் தொடங்கியது. தங்கள் வருவாய்ப் பக்கத்தில் அத்தகைய ஒப்பந்தத்துக்கும் ஒரு வரி ஒதுக்குங்கள்.