தவில் பதிவுக்கு நூறு டொலர் ஹெட்போன் போதுமா?

கேள்வி: அப்பா தவில் வித்துவான். அவரும் மாணவர்களும் வாசிப்பதை வீட்டிலேயே பதிந்து லப்டொப்பில் எடிட் செய்கிறேன். பக்கத்து வளவில் மிளகாய்த்தூள் அரைக்கிற மில். நான் கண்ணாடி போடுகிறவள். நல்லூர்த் திருவிழாவுக்கு ரொறன்ரோவிலிருந்து வரும் சித்தப்பா மூடிய வகை ஹெட்போன் ஒன்று வாங்கி வருவதாகச் சொல்கிறார். ஓடியோ டெக்னிக்கா எம்40எக்ஸ் போதுமா, இல்லை பேயர்டைனமிக் டிரி 1770 புரோ கேட்கட்டா? விலை பல மடங்கு என்றால் ஒலியும் அவ்வளவு திறமாக இருக்குமா?
- கொக்குவில் வாசகி

பதில்: எம்40எக்ஸ் போதும். சித்தப்பாவுக்கு 1770இன் செலவை வைக்க வேண்டாம். ஆனால் உங்கள் கண்ணாடி இந்தப் பதிலைக் கொஞ்சம் மாற்றக்கூடும், அதற்குப் பிறகு வருகிறேன்.

விலைக்கும் ஒலிச் சமநிலைக்கும் என்ன உறவு என்பதை அளந்தே பார்த்திருக்கிறார்கள். 2017இல் ஜெரூன் பிரீபார்ட் என்ற ஆய்வாளர் 283 ஹெட்போன்களின் அளவீடுகளை விலையோடு ஒப்பிட்டார். பேஸ் (தாழ்ந்த ஒலி) எவ்வளவு, நடு ஒலி எவ்வளவு, ட்ரெபிள் (கூரிய உயர் ஒலி) எவ்வளவு என்ற பங்கீட்டுக்கும் விலைக்கும் தொடர்பு எதுவும் தெரியவில்லை. நம் காது முதலில் பிடிப்பது இந்தப் பங்கீட்டைத்தான். ஒரு ஹெட்போன் 'தெளிவு', இன்னொன்று 'மந்தம்' என்று நாம் சொல்வதில் பெரும்பகுதி அதுவே.

அப்படியென்றால் கூடுதல் காசு எங்கே போகிறது? மூடிய வகையில் உள்ளே இருக்கும் சிறிய ஸ்பீக்கர் முன்னால் காதுக்கு ஒலிப்பதைப்போலவே பின்னாலும் ஒலிக்கிறது. அந்தப் பின் ஒலி வெளியே போக வழியில்லாமல் கிண்ணத்துக்குள் அடைபட்டு, சுவரில் மோதித் திரும்பி வந்து அசல் ஒலியோடு கலக்கிறது. குடத்துக்குள் வாயை வைத்துப் பேசினால் குரல் எப்படி மாறும், அந்த மாற்றம்தான் இதுவும். இதை அடக்க நல்ல உட்பஞ்சு, அதிராத கிண்ணம், கவனமான வடிவமைப்பு எல்லாம் வேண்டும். 1770 போன்றவற்றில் இந்த வேலை நன்றாகவே நடந்திருக்கிறது. கழற்றி மாற்றக்கூடிய வயர், இரண்டு சோடி குஷன், உறுதியான உலோக வளைவு என்பனவும் அந்த விலைக்குள் வருகின்றன. பத்து வருடம் தினமும் ஸ்ரூடியோவில் உழைப்பவருக்கு அது நியாயமான செலவு. உங்கள் வேலைக்கு அந்த முன்னேற்றம் சிறிது. அதைவிடப் பெரிய வித்தியாசத்தை உங்கள் கண்ணாடியின் காம்பு ஒன்றே உண்டாக்கிவிடும்.

குஷனுக்கும் தோலுக்கும் நடுவில் ஒரு சிறு இடைவெளி இருந்தாலே மூடிய ஹெட்போனில் பேஸ் கசிந்துவிடும். தடித்த பிளாஸ்டிக் காம்பு, தோடு, காதோரம் ஒதுக்கிய தலைமயிர் எல்லாம் இடைவெளிதான். உங்கள் ஹெட்போனைப் போட்டபடி இரண்டு கிண்ணத்தையும் கையால் மெதுவாக அழுத்திப் பாருங்கள். தவில் பதிவில் தொப்பியின் (கம்பால் அடிக்கும் பக்கத்தின்) நாதம் திடீரென்று பெருத்தால் அதுவரை கசிவோடு கேட்டிருக்கிறீர்கள் என்று அர்த்தம். பிறகு கண்ணாடியைக் கழற்றிவிட்டும் கேளுங்கள்.

இதை நான் பட்டுத்தான் அறிந்தேன். எங்கள் வெயிலுக்கும் வியர்வைக்கும் என் பழைய ஹெட்போனின் செயற்கைத் தோல் குஷன் உரிந்து தட்டையாகிப்போயிருந்தது. காது பழகிவிட்டதால் நான் கவனிக்கவில்லை. அதை வைத்து ஒரு கோயில் கச்சேரிப் பதிவைச் சீர்செய்தேன். பேஸ் குறைவாகக் கேட்டதால் கூட்டிக்கொண்டே போனேன். மண்டபத்தில் போட்டபோது தொப்பி நாதஸ்வரத்தை விழுங்கிவிட்டது. வித்துவானின் முகத்தை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

தவில் இந்த ஒப்பீட்டுக்கு மிக நல்ல சோதனை. வலந்தலையில் (வலப்பக்கத் தோலில்) விரலில் மாட்டும் கூடுகள் பட்டுத் தெறிக்கும் கூர்மை ஒரு பக்கம், தொப்பியில் கம்பு விழும் கனம் மறுபக்கம். தவில் மேதை அளவெட்டி தட்சிணாமூர்த்தியின் பதிவுகளைக் கேட்டு வளர்ந்த ஊர்க் காதுக்கு இந்த இரண்டும் எந்த அளவில் சேர வேண்டும் என்று சொல்லித்தர வேண்டியதில்லை. பேயர்டைனமிக் மூடிய வகைகளில் மேல் ட்ரெபிள் சற்றுத் தூக்கலாக இருப்பது பலரும் அறிந்தது. அதில் கேட்டால் கூடுகளின் ஒலி கூராகத் தெரியும். நீங்கள் அதைக் குறைப்பீர்கள், மற்றவர்களின் ஸ்பீக்கரில் வலந்தலை உயிரில்லாமல் போகும். சோனி எம்டிஆர்-7506இலும் இதே கவனம் வேண்டும். 1991இலிருந்து ஸ்ரூடியோக்களில் உழைக்கும் நல்ல ஹெட்போன் அது, இரைச்சலையும் வெட்டுப் பிழைகளையும் உடனே காட்டிக்கொடுக்கும். ஆனால் அதுவும் ட்ரெபிள் பக்கம் சாய்ந்தது. இவற்றோடு பார்த்தால் எம்40எக்ஸ் சமநிலைக்குக் கிட்ட நிற்கிறது. ஆகவே இந்த வேலைக்கு விலை குறைந்ததையே நான் முதலில் வைக்கிறேன்.

இனி கண்ணாடி. எம்40எக்ஸின் குஷன் மெல்லியது, ஒரு மணித்தியாலத்துக்கு மேல் காம்பை அழுத்தி வலிக்கச் செய்யலாம். தடித்த குஷன் வாங்கிப் போடுகிறவர்கள் உண்டு. ஆனால் ஸ்பீக்கருக்கும் காதுக்கும் இடையிலான தூரம் மாறினால் ஒலியும் மாறும் என்பதை மறக்க வேண்டாம். மெல்லிய கம்பிக் காம்புள்ள கண்ணாடி இருந்தால் எடிட் செய்யும்போது அதைப் போடுங்கள். அப்படியும் தாங்காவிட்டால் பேயர்டைனமிக்கின் டிரி 770 புரோவில் 80 ஓம் (மின்தடை அளவு) வகையைச் சொல்லிவிடுங்கள். அதன் வெல்வெட் போன்ற குஷன் வெக்கைக்கும் கண்ணாடிக்கும் இதம், தேய்ந்தால் மாற்றலாம். மேலே சொன்ன ட்ரெபிள் தூக்கலை ஈக்வலைசர் ஏபிஓ என்ற இலவச விண்டோஸ் மென்பொருளில் கொஞ்சம் இறக்கிவிட்டால் சரி. 250 ஓம் வகையை மட்டும் எடுக்க வேண்டாம், லப்டொப்பில் நேரே செருகினால் போதிய சத்தம் வராது. பழைய 1770உம் 250 ஓம்தான்.

மில் சத்தத்தை எந்த மூடிய ஹெட்போனும் முழுதாக நிறுத்தாது. கூர்மையான சத்தம் குறையும், மோட்டரின் தாழ்ந்த உறுமல் உள்ளே வரும். பேஸ் அளவை முடிவுசெய்யும் வேலையை மில் பூட்டிய பிறகு வையுங்கள்.

இரண்டை ஒப்பிடும் வாய்ப்புக் கிடைத்தால் சத்த அளவைச் சமப்படுத்தாமல் தீர்ப்புச் சொல்லாதீர்கள். சற்றே கூடச் சத்தமாக இருப்பது எப்போதும் நன்றாகவே கேட்கும், அதுவும் விலையானது என்று தெரிந்துவிட்டால் சொல்லவே வேண்டாம். பழைய சீடி ஒன்றைக் குஷன்மீது வைத்து அழுத்துங்கள். நடு ஓட்டையில் போனின் மைக்கை வைத்து, சத்தம் அளக்கும் செயலியைத் திறந்து, 500 ஹேர்ட்ஸ் ஒலியை ஓடவிடுங்கள். இரண்டு ஹெட்போனிலும் ஒரே எண் வரும்வரை சத்தத்தை மாற்றுங்கள். பரிசோதனைக்கூடத் துல்லியம் இராது, ஆனாலும் ஏமாற்றத்தில் பெரும்பகுதி நீங்கிவிடும்.

சித்தப்பாவிடம் இரண்டு விடயம் சொல்லுங்கள். பெயர்பெற்ற ஹெட்போன்களுக்குப் போலிகள் நிறைய உண்டு, ஆகவே அங்கீகரிக்கப்பட்ட கடையில் மட்டும் வாங்கட்டும். மீதிக் காசில் ஒரு சோடி மாற்றுக் குஷனும் எடுத்து வரட்டும்.

வந்ததும் அப்பாவை அறைக்குள் தொப்பியில் நாலு அடி அடிக்கச் சொல்லி நேரில் கேளுங்கள். உடனே அதே அடியின் பதிவை ஹெட்போனில் கேளுங்கள். பிறகு ஹெட்போனை அவரிடமும் கொடுங்கள்.