பிரெட் ஹார்ட்: தங்கவயல் கதைகளும் அவற்றை எழுதியவரும் – கேள்வி பதில்

கேள்வி: ஐயா, கலிபோர்னியாவின் தங்கச் சுரங்கத் தொழிலாளர்களைப் பற்றி எழுதிய அமெரிக்க எழுத்தாளர் பிரெட் ஹார்ட், தாமும் தங்கம் தோண்டியவரா?

பதில்: மிகக் குறுகிய காலம் மட்டுமே. ஆல்பனி நகரில் 1836-இல் பிறந்த அவர், 1848-இல் தொடங்கிய தங்க வேட்டையின் முதல் வேகம் தணிந்த பிறகே கலிபோர்னியாவுக்கு வந்தார். பள்ளி ஆசிரியர் வேலையும் அச்சகப் பணியுமே அவருக்குச் சோறு போட்டன.

கேள்வி: ஒரு தலையங்கத்திற்காக ஊரை விட்டே வெளியேற நேர்ந்தது என்கிறார்களே?

பதில்: உண்மைதான். அவரை மதிக்க எனக்கு முதற்காரணமும் அதுவே. 1860 பிப்ரவரி 26 அன்று, கலிபோர்னியாவின் ஹம்போல்ட் விரிகுடாத் தீவொன்றில் சடங்கிற்காகக் கூடியிருந்த வியோட் பழங்குடியினரை வெள்ளைக் குடியேறிகள் வெட்டிக் கொன்றனர். இறந்தவர்களில் பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும் முதியவர்களுமே. இதழாசிரியர் வெளியூர் சென்றிருந்ததால் ‘நார்தர்ன் கலிபோர்னியன்’ இதழின் பொறுப்பிலிருந்த இருபத்து மூன்று வயது ஹார்ட், அண்டை வீட்டார் பலரும் வாய்மூடியிருந்த வேளையில், அந்தப் படுகொலையைக் கண்டித்து எழுதினார். மிரட்டல்கள் வந்தன, சில வாரங்களிலேயே அவர் சான் பிரான்சிஸ்கோவுக்குப் போய்விட்டார்.

கேள்வி: அவருடைய ‘தி லக் ஆஃப் ரோரிங் கேம்ப்’ கதை ஏன் எதிர்ப்பைச் சந்தித்தது?

பதில்: ஒழுக்கம் கெட்டவள் என்று ஊர் ஒதுக்கிய ஒரு பெண், சுரங்க முகாமில் பிள்ளை பெற்று இறக்கிறாள், அக்குழந்தையை முரட்டு ஆண்கள் வளர்க்கிறார்கள். 1868 ஆகஸ்டில் ‘ஓவர்லாண்ட் மன்த்லி’ இதழுக்காக இது அச்சுக்குப் போனபோது, மெய்ப்புப் பார்த்தவரே முகம் சுளித்தார். இதழாசிரியராக இருந்த ஹார்ட், கதை வராவிட்டால் தாம் பதவியில் நீடிக்கப் போவதில்லை என்ற உறுதியுடன் நின்று அதை வெளியிட்டார். அமெரிக்காவின் கிழக்குக் கரை அதைக் கொண்டாடியது.

கேள்வி: பிற்காலக் கதைகள் ஏன் அந்த அளவுக்கு நிற்கவில்லை?

பதில்: 1871-இல் ஓராண்டுக்குப் பத்தாயிரம் டாலருக்கு எழுதித் தரும் ஒப்பந்தத்துடன் கிழக்கே சென்றவர் கலிபோர்னியாவில் மீண்டும் குடியேறவே இல்லை. 1878 முதல் ஜெர்மனியின் கிரேஃபெல்டிலும் பின்னர் கிளாஸ்கோவிலும் தூதரகப் பணியாற்றி, 1902-இல் இங்கிலாந்தில் மறையும்வரை, நினைவில் இருந்த அதே மலைச்சரிவுகளையே திரும்பத் திரும்ப எழுதினார். கலிபோர்னியாவில் நிலம் மாறிக்கொண்டிருந்தது. அவருடைய கதைகளின் முகாம்கள் மாறவில்லை. ஆகவே புதிதாகப் படிக்க வருபவர்கள், பனியில் சிக்கியவர்களைப் பற்றிய 1869-ஆம் ஆண்டுக் கதையான ‘தி அவுட்காஸ்ட்ஸ் ஆஃப் போக்கர் ஃபிளாட்’டிலிருந்து தொடங்குங்கள்.