மறு: ரெக்கார்டாக மாற்றியதும் செட்டர் வேலை செய்யவில்லை

ஜாவாவில் எழுதிய வரவு செலவுக் கணக்கு ப்ராஜெக்டில் கிளாஸை ரெக்கார்டாக (தரவை வைத்திருப்பதற்கான சுருக்கமான கிளாஸ்) மாற்றியதும் தொகையைத் திருத்தும் இடமெல்லாம் எரர் காட்டுகிறது என்று கேட்டிருந்தீர்கள். ரெக்கார்டின் குணமே அதுதான் நண்பரே. ஃபீல்டுகள் எல்லாம் ஃபைனல், அதாவது ஒருமுறை வைத்ததை மாற்ற முடியாது. மதிப்பை மாற்றும் மெத்தடான செட்டருக்கு அங்கே வேலையில்லை. புதுத் தொகையோடு இன்னொரு ஆப்ஜெக்ட் உருவாக்கி, லிஸ்டில் பழையது இருந்த இடத்தில் வையுங்கள். அந்த லிஸ்ட் ஸ்ட்ரீமின் டூலிஸ்ட் மெத்தடிலிருந்து வந்ததா என்று மட்டும் பாருங்கள். அப்படி வந்திருந்தால் அதில் எதையும் மாற்ற முடியாது. கம்பைல் ஆகிவிடும், ஓட்டும்போதுதான் எக்செப்ஷன் வரும். அர்ரேலிஸ்டில் நகலெடுத்தால் சரியாகிவிடும்.

தொகை மைனஸில் வரக்கூடாது என்ற சோதனையை ரெக்கார்டின் கன்ஸ்ட்ரக்டருக்குள்ளேயே போடுங்கள். தொகைக்கு டபுள் வேண்டவே வேண்டாம், தசம எண்ணைத் துல்லியமாக வைக்கும் பிக்டெசிமல்தான். ஆனால் சமமா என்று பார்க்கும் அதன் ஈக்வல்ஸ் மெத்தடுக்கு 2.0-வும் 2.00-வும் வேறு வேறு. ரெக்கார்டுகளை ஒப்பிடும்போது இது காலை வாரிவிடும்.

ஜாவா 21 இருப்பதால் வரவு, செலவு இரண்டையும் ஒரு சீல்டு இன்டர்ஃபேஸின் (நாம் அனுமதித்த வகைகள் மட்டுமே சேரக்கூடியது) கீழ் தனித்தனி ரெக்கார்டாக வைத்து, ஸ்விட்சில் பேட்டர்ன் கொண்டு வகைவாரியாகப் பிரித்துக் கையாளுங்கள். 'மற்ற எல்லாம்' என்பதற்கான டீஃபால்ட் பகுதியை எழுதாதீர்கள். நாளை 'கடன்' என்று மூன்றாவது வகை சேர்த்தால், எந்தெந்த ஸ்விட்ச் விடுபட்டது என்று கம்பைலரே சொல்லிவிடும். ஸ்பிரிங் ஃப்ரேம்வொர்க், டேட்டாபேஸ் எல்லாம் இப்போதைக்கு வேண்டாம், ஃபைலில் சேமித்தாலே போதும்.