அம்மா எதுவும் சொல்ல மாட்டாங்களா?

கேள்வி: நாலு பேர் சேர்ந்து 5 வருஷமா பங்க் ராக் பேண்ட் நடத்துறோம். இப்பதான் வெளியூர் ஷோ வர ஆரம்பிச்சிருக்கு. டிரம்மர் குடிச்சிட்டு வர்றான். அவனை எடுத்துட்டா பேண்ட் உடைஞ்சிடுமா? ரிகர்சல் அவன் வீட்டு மாடியிலதான், அவங்க அம்மா எதுவும் சொல்ல மாட்டாங்க.
– பெயர் வேண்டாம், கோவை

பதில்: கடைசி வரியை ஏதோ இடவசதி மாதிரி எழுதியிருக்கிறீர்கள், தம்பி. 5 வருஷம் கரன்ட் பில் கட்டியது யார்? சத்தம் தாங்காமல் வந்த பக்கத்து வீட்டுக்காரருக்குப் பதில் சொன்னது யார்? அந்த அம்மாவின் மகன் குடிக்கிறான் என்று எனக்கு எழுதத் தெரிந்தது. மாடிப்படி இறங்கி அவரிடம் சொன்னதாகக் கடிதத்தில் இல்லையே!

லண்டனின் த கிளாஷ் பேண்டைப் பாருங்கள். டிரம்மர் டாப்பர் ஹெடன் ஹெராயின் போதையில் சிக்க, 1982 மே மாதம் வெளியே அனுப்பினார்கள். அடுத்த மாதம் வந்தது ‘ராக் த காஸ்பா’. மற்றவர்கள் ஸ்டுடியோவுக்கு வருவதற்குள் டிரம்ஸ், பியானோ, பேஸ் மூன்றையும் டாப்பரே வாசித்துப் பதிந்துவைத்த பாட்டு அது. அமெரிக்காவில் 8-ஆம் இடம் வரை ஏறியது. வீடியோவில் டிரம்ஸ் அடிப்பவரோ வேறு ஆள். 1983-ல் கிட்டாரிஸ்ட் மிக் ஜோன்ஸையும் கழற்றிவிட்டார்கள். 1985-ல் வந்த கடைசி ஆல்பத்தில் பெரும்பாலும் டிரம் மெஷின். 1986-ல் கதை முடிந்தது. ஒருவரைக் கழற்றிப் பழகிய கை சும்மா இருக்காது.

அதற்காகக் குடித்தவனை மேடையேற்றச் சொல்லவில்லை. 3 மாதத்துக்கு மாற்று ஆளைப் போடுங்கள். ஒவ்வொரு பாட்டின் பிபிஎம்மையும், அதாவது நிமிடத்துக்கு எத்தனை தட்டு என்ற வேகத்தையும், எழுதிக் கொடுங்கள். வாசிக்கும்போது காதில் அந்த வேகத்தில் ‘டிக் டிக்’ என்று கிளிக் ஓடட்டும். 180-ல் எண்ணித் தொடங்கியது 195-க்கு ஓடினால், பாடுகிறவருக்கு மூச்சுவிட இடமிருக்காது.

அதற்கு முன்னால், எந்தப் பாட்டுக்கு வரி யாருடையது, மெட்டு யாருடையது, எத்தனை சதவீதம் என்று எழுதி நாலு பேரும் கையெழுத்துப் போடுங்கள், அவன் தெளிவாக இருக்கும் நாளில். வரிக்கு ஓர் உரிமை, மெட்டுக்கு ஒன்று, ரெக்கார்டிங்குக்குத் தனி. அவன் போட்ட மெட்டு, விலகினாலும் அவனுடையதுதான். நம் சட்டப்படி அவன் காலத்துக்குப் பிறகும் 60 வருஷம் அவன் வாரிசுக்கு.

இதெல்லாம் அடுத்த வாரம். இந்த ஞாயிற்றுக்கிழமை மூன்று பேரும் அந்த வீட்டுக்குப் போங்கள். மாடிக்கு அல்ல, கீழே. கிட்டாரை எடுத்துப் போக வேண்டாம்.