வாடை வருகிறது, பூசணம் தெரியவில்லையா? காற்றை விடுங்கள், தண்ணீரைத் தேடுங்கள்

கேப் டவுன் ரைலண்ட்ஸில் வாடகை வீட்டில் இருக்கும் ஒரு வாசகி கேட்கிறார்: "குளிர்காலம் போய்விட்டது, ஜன்னலை எல்லாம் திறந்து வைக்கிறோம். ஆனாலும் படுக்கையறையில் மக்கிய வாடை போகவில்லை. சுவரில் ஒரு கறுப்புப் புள்ளிகூட இல்லை. மகனுக்கு இரவில் இருமல். ஏஜென்ட் அனுப்பிய ஆள், அறைக் காற்றை எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும், செலவு உங்களுடையது என்கிறார். கட்டலாமா?"

கட்டாதீர்கள், அம்மா.

பூசணத்தின் நுண்விதைகள் எல்லா வீட்டுக் காற்றிலும் இருக்கின்றன, தெருவிலும் இருக்கின்றன. இத்தனை இருந்தால் ஆபத்து, இத்தனை வரை பரவாயில்லை என்று ஒத்துக்கொள்ளப்பட்ட அளவு எதுவும் கிடையாது. அறிக்கையில் ஒரு பெரிய எண் வரும், நீங்கள் பயப்படுவீர்கள். பூசணம் எந்தச் சுவரில், எதனால் வந்தது என்பதை அந்த எண் சொல்லாது. சோதனை செய்கிறவரே புகை மருந்து அடிக்கவும் விலை சொன்னால் அறிக்கை எப்படி வரும் என்று யோசித்துப் பாருங்கள். இந்த வியாபாரத்தில் ஏமாந்த குடும்பங்களைப் பார்த்துப் பார்த்து எனக்குப் பொறுமை போய்விட்டது. புகை போட்டால் வாடை சில வாரம் அடங்கும். ஈரம் அங்கேயே இருப்பதால் பூசணம் திரும்ப வரும்.

தேட வேண்டியது ஈரத்தை. கேப் டவுனில் குளிர்கால மழை பெரும்பாலும் வடமேற்குக் காற்றோடு வருகிறது. ஆகவே வடக்கும் மேற்கும் பார்த்த வெளிச்சுவர்களில் தொடங்குங்கள். அந்தச் சுவரை ஒட்டி அலமாரி இருந்தால் முதல் சந்தேகம் அதன்மேல்தான். துணிகளை எடுத்துவிட்டு, பின்பலகையில் மூக்கை வைத்து முகர்ந்து பாருங்கள். அடித்தட்டில் கிடக்கும் தோல் செருப்பு, அட்டைப்பெட்டி, மெத்தையின் அடிப்பக்கம், திரைச்சீலையின் கீழ் மடிப்பு எல்லாவற்றையும் புரட்டுங்கள். டார்ச்சைச் சுவரோடு ஒட்டிப் படுக்கவைத்து அடித்தால், நேராகப் பார்க்கும்போது தெரியாத பூச்சு உப்பலும் பெயிண்ட் கொப்புளமும் நிழலாகத் தெரியும். இன்னொன்று: வாடை நமக்குச் சீக்கிரம் பழகிவிடும். அறையை அரை நாள் மூடிவிட்டு வெளியே போய் வந்து, கதவைத் திறந்த முதல் மூச்சிலேயே முடிவு செய்யுங்கள்.

ஓர் இடம் சிக்கியதும் அலுமினிய ஃபாயில் சோதனை. சுவரின் மேற்பரப்பை நன்றாகத் துடைத்துக் காயவிடுங்கள். ஓர் அடிச் சதுர ஃபாயிலை நான்கு பக்கமும் காற்றுப் புகாமல் டேப் போட்டு ஒட்டி, ஒன்றிரண்டு நாள் விடுங்கள். அறையைப் பார்த்த பக்கம் நனைந்தால், ஐஸ் தண்ணீர் டம்ளர் வியர்ப்பதைப் போல அறையின் ஈரக்காற்று குளிர்ந்த சுவரில் படிகிறது. சுவரைப் பார்த்த பக்கம் நனைந்தால் ஈரம் சுவருக்குள்ளிருந்து வருகிறது. கோடையில் தென்கிழக்குக் காற்று அடிக்க ஆரம்பித்தால் சுவர்கள் காய்ந்துவிடும், சோதனையும் ஒன்றும் சொல்லாது. அதனால் தள்ளிப்போடாமல் இந்த வாரமே செய்யுங்கள்.

முதல் வகை என்றால் கேஸ் ஹீட்டரைப் பாருங்கள். ஒரு கிலோ எல்பிஜி எரிந்தால் ஒன்றரை கிலோவுக்கு மேல் தண்ணீர் ஆவியாக அறைக்குள் வருகிறது. மின்வெட்டுக் காலத்தில் வாங்கிய ஹீட்டர் இன்னும் பல வீடுகளில் படுக்கையறையில்தான் இருக்கிறது. கதவைச் சாத்திக்கொண்டு எரித்தால் மூச்சுக்கே ஆபத்து, ஈரம் அதற்கு அப்புறம்தான்.

இரண்டாவது வகை என்றால் கூரை, சுவர் விரிசல், குழாய், சீலிங்குக்கு மேலிருக்கும் கீசர், தரை ஆகியவற்றில் ஒன்று. சுவரின் அடியில் உப்புப் பூத்திருந்தால் ஓதம் ஏறுகிறது என்று சொல்லி, துளை போட்டு மருந்து ஏற்றும் ஆட்கள் வருவார்கள். உங்கள் ரைலண்ட்ஸ் இருக்கும் கேப் ஃபிளாட்ஸ் பகுதி மணல் பூமி, மழைக்காலத்தில் நிலத்தடி நீர் மேலே வருவது உண்மைதான். ஆனாலும் முதலில் வெளியே போய்ப் பாருங்கள். சுவருக்குள் இருக்கும் ஈரத்தடுப்புப் படலத்துக்கு 150 மில்லிமீட்டராவது கீழே வெளித்தரை இருக்க வேண்டும். பூச்செடிக்காக மண்ணைக் குவித்தோ, மேலே மேலே தளம் போட்டோ அந்தப் படலத்தையே மூடிவிட்டிருப்பார்கள். மண்வெட்டியால் தீரும் வேலைக்கு மருந்து எதற்கு? ஈரச் சுவரின் உட்பக்கம் வாட்டர்ப்ரூஃப் பெயிண்ட் அடிப்பதும் இதே கதைதான். கறை கொஞ்ச நாள் மறையும், தண்ணீர் பெயிண்டுக்குப் பின்னால் தேங்கும்.

எங்கே வேண்டுமானாலும் தேடுங்கள், ஆனால் ஓர் இடத்தில் மட்டும் கை வைக்காதீர்கள், இதைக் கொஞ்சம் அழுத்திச் சொல்ல வேண்டும். வீடு பழையது, கூரைத் தகடோ சீலிங் பலகையோ ஆஸ்பெஸ்டாஸாக இருக்கலாம் என்றால் அதில் துளை போடாதீர்கள், உடைக்காதீர்கள், சுரண்டாதீர்கள், பிரஷ் போட்டுத் தேய்க்காதீர்கள். தென்னாப்பிரிக்காவில் ஆஸ்பெஸ்டாஸ் 2008இல்தான் தடை செய்யப்பட்டது. அதற்கு முன் கட்டிய பல வீடுகளில் அது இன்னும் இருக்கிறது. அசையாமல் இருக்கும்வரை பெரிய தொல்லை இல்லை. உடைத்தால் வரும் தூசி நுரையீரலில் தங்கி, பல பத்தாண்டுகள் கழித்துப் புற்றுநோயாக வரக்கூடும், பூசணத்தைவிடப் பல மடங்கு கொடியது. 'ஏணி இருக்கிறது, நானே பார்க்கிறேன்' என்று வருகிற உறவுக்காரரையும் ஏற விடாதீர்கள். தொழிலாளர் துறையில் பதிவு பெற்ற ஆஸ்பெஸ்டாஸ் ஒப்பந்ததாரர்தான் தொட வேண்டும், அவரை அழைப்பது வீட்டுக்காரர் பொறுப்பு.

மகனின் கட்டிலை அந்தச் சுவரிலிருந்து இன்றே நகர்த்துங்கள். இருமலை மருத்துவரிடம் காட்டுங்கள். கிடைக்கும் பூசணம் ஒரு சதுர மீட்டருக்குள் என்றால் கையுறையும் முகக்கவசமும் போட்டு, சோப்புத் தண்ணீரால் நீங்களே துடைக்கலாம். ஜிக் (ப்ளீச்) ஊற்றினால் அதோடு அம்மோனியா கலந்த எதையும் சேர்க்காதீர்கள்.

இனி ஏஜென்ட். ஜன்னலைத் திறக்காதது உங்கள் குற்றம் என்று எல்லா ஏஜென்டும் சொல்லும் வசனம் உங்களுக்கும் வரும். வீட்டுக்காரர் ஏஜென்டைக் காட்டுவார், ஏஜென்ட் பெயிண்டரைக் காட்டுவார், குடியிருப்பவர் மட்டும் மாதாமாதம் தவறாமல் பணம் கட்ட வேண்டும். 1999ஆம் ஆண்டு வாடகை வீட்டுச் சட்டம் குடிபுகும் முன் இருவரும் சேர்ந்து வீட்டைப் பார்க்கச் சொல்கிறது. பல இடங்களில் அது ஒரு கையெழுத்தோடு முடிந்துவிடுகிறது, அலமாரிக்குப் பின்னால் யாரும் எட்டிப் பார்ப்பதில்லை. ஆகவே ஃபாயிலின் இரண்டு பக்கத்தையும் தேதியோடு படமெடுத்து, எந்தச் சுவர், எந்தப் பக்கம் நனைந்தது என்று எழுதி மின்னஞ்சலில் அனுப்புங்கள். வாய்ப்பேச்சு நிற்காது. கோபத்தில் வாடகையை நிறுத்திவிடாதீர்கள், நிறுத்தினால் வழக்கு உங்கள்மேல் திரும்பும். பதில் வராவிட்டால் மாகாண வாடகை வீட்டுத் தீர்ப்பாயத்தில் புகார் கொடுங்கள். கட்டணம் இல்லை, வக்கீலும் தேவையில்லை. புகார் மனுவோடு வாடகை ஒப்பந்தம், கட்டிய ரசீதுகள், அந்தப் படங்கள் மூன்றையும் சேர்த்து வையுங்கள்.