சிங்கப்பூரில் வாடகை வீடு: அந்த டெபாசிட்டைக் கட்டாதீர்கள்

தம்பி, எம்ப்ளாய்மென்ட் பாஸ் வந்துவிட்டது, சம்பளம் மாதம் 6,500 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்), மனைவியையும் மூன்று வயதுக் குழந்தையையும் கையோடு கூட்டிக்கொண்டு வரப்போகிறேன் என்று எழுதியிருக்கிறீர்கள். நல்ல செய்தி. ஏஜென்ட் ஒருவர் வாட்ஸ்அப்பில் வீட்டின் வீடியோ அனுப்பியிருக்கிறார், ஒரு மாத வாடகையை அனுப்பினால் வீட்டைப் பிடித்து வைக்கிறேன் என்கிறார், அனுப்பலாமா என்கிறீர்கள். கூடவே எந்த ஏரியா நல்லது, ஸ்கூல் எப்படி, ஜொகூரில் தங்கிக்கொண்டு தினமும் வந்துபோக முடியுமா என்றும் கேட்டிருக்கிறீர்கள்.

ஜொகூரை முதலில் முடித்துவிடுகிறேன். அது மலேசியா. உங்களிடம் இருப்பது சிங்கப்பூர் பாஸ். அங்கே குடியிருக்கத் தனி அனுமதி வேண்டும். விடிவதற்கு முன்பே உட்லண்ட்ஸ் பாலத்தில் வரிசை கட்டி நிற்பவர்கள் பெரும்பாலும் மலேசியர்கள், அது அவர்கள் ஊர். உங்களுக்கு ஆகாது, விட்டுவிடுங்கள்.

இப்போது டெபாசிட். அனுப்பாதீர்கள். வீட்டை நீங்களோ நீங்கள் நம்பும் ஒருவரோ நேரில் பார்க்காமல் பத்து வெள்ளிகூட அனுப்பாதீர்கள். சிங்கப்பூரில் சொத்து ஏஜென்ட் ஒவ்வொருவரும், ஏஜென்ட்களைக் கண்காணிக்கும் சிஇஏ என்ற அரசு அமைப்பில் பதிவு செய்திருக்க வேண்டும். பதிவெண் ஆர் என்ற எழுத்தில் தொடங்கும். அந்த அமைப்பின் இணையப் பட்டியலில் பெயரையோ எண்ணையோ போட்டுப் பார்த்தால் ஆள் உண்மையா என்று தெரியும். அதோடு நிறுத்திவிடாதீர்கள். மோசடிக்காரர்கள் உண்மையான ஏஜென்டின் பெயரையும் பதிவெண்ணையும் எடுத்துப் போட்டுக்கொள்கிறார்கள், கார்டு படம்கூட அனுப்புவார்கள். பட்டியலில் இருக்கும் ஃபோன் நம்பருக்கு நீங்களே கூப்பிட்டுப் பேசுங்கள். இன்னொன்று: வீவக, அதாவது அரசின் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் கட்டிய அடுக்குமாடி வீட்டின் வாடகைப் பணத்தை ஏஜென்ட் தன் கையால் வாங்கவே கூடாது, அது விதி. பணம் ஓனர் கணக்குக்குத்தான் போகவேண்டும். ‘என் கணக்குக்குப் போடுங்கள், நான் கொடுத்துவிடுகிறேன்’ என்று ஒருவர் சொன்னால் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளலாம்.

நான் இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. நான் வந்தது 2005-ல். ரேஸ் கோர்ஸ் ரோடு பக்கம் பழைய கடைவீடு ஒன்றின் மாடியில் கொண்டுபோய் விட்டார்கள். ஒரே அறை, சுவரோடு சுவராக இரண்டடுக்குக் கட்டில்கள். எனக்குக் கிடைத்த மேல் கட்டிலில் பகலில் இன்னொருவர் படுப்பார், இரவு ஷிப்ட்காரர். நான் வேலை முடிந்து வந்து ஏறும்போது மெத்தை இன்னும் சூடாக இருக்கும். ஃபிரிட்ஜில் ஆளுக்கொரு டப்பா, டப்பா மேல் பெயர். பெயர் எழுதினாலும் தயிர் மட்டம் குறைந்துகொண்டேதான் இருக்கும். வாடகை வாங்கியவர் நம்ம ஊர்க்காரர். ரொக்கம் மட்டும்தான் வாங்குவார். ரசீது கேட்டால், “நமக்குள்ள என்ன தம்பி ரசீது?” என்று தோளில் கை போடுவார். ஒருநாள் மாலை வீட்டின் உண்மையான சொந்தக்காரர் வந்து நின்றார். எங்களிடம் மாதாமாதம் வாங்கிய பணம் அவருக்குப் போகவே இல்லை. வாரக் கடைசிக்குள் எல்லோரும் காலி செய்யவேண்டும் என்றார். நம்ம ஊர்க்காரரின் ஃபோன் அணைந்துவிட்டது, டெபாசிட்டும் அதோடு போனது. கூட வேலை பார்த்த ஒரு மலையாளி தன் வீட்டு ஹாலில் படுக்க இடம் கொடுத்திராவிட்டால் தெருவில்தான் நின்றிருப்பேன். பல வருஷம் கழித்து தேக்கா சந்தையில் அந்த மனிதரைப் பார்த்தேன். கூச்சமே இல்லாமல், “எப்படி இருக்கே, வா டீ சாப்பிடலாம்” என்றார்!

இன்றைக்கும் இந்த வியாபாரம் நடக்கிறது. முழு வீட்டை ஒருவர் வாடகைக்கு எடுத்து, அறை அறையாக உள்வாடகைக்கு விடுவார். விளம்பரத்தில் ‘தமிழ் குடும்பம், வீட்டுச் சாப்பாடு’ என்று இருக்கும். எல்லோரும் அப்படி இல்லை, ஆனால் ஊர்ப் பாசத்தை அடமானமாக வைத்துக்கொண்டு ஒப்பந்தம் தராதவர்களிடம் போகவே போகாதீர்கள். சீன ஓனர், மலாய் ஓனர் யாரிடம் வேண்டுமானாலும் காகிதத்தோடு போங்கள்.

சரி, கணக்குக்கு வருவோம். வீவக நாலறை வீடு என்றால் மூன்று படுக்கையறையும் ஹாலும். இப்போது முழு வீடு பெரும்பாலும் மூவாயிரத்தை ஒட்டியோ அதற்கு மேலோதான் வரும். 2022-ல் மட்டும் தனியார் வீட்டு வாடகைகள் ஏறக்குறைய 30 சதவீதம் ஏறின, வீவக வாடகையும் கூடவே ஓடியது. அதன்பிறகு வேகம் குறைந்தது, பழைய இடத்துக்கு இறங்கவில்லை. உங்களுக்கு 3,200 வெள்ளியில் இரண்டு வருஷ ஒப்பந்தம் அமைகிறது என்று வைத்துக்கொள்வோம். முதல் மாத வாடகை 3,200. இரண்டு வருஷத்துக்கு வழக்கமாக இரண்டு மாத டெபாசிட் கேட்பார்கள், அது 6,400. மொத்த வாடகையில் 0.4 சதவீதம் முத்திரை வரி, 307 வெள்ளி. அதைப் பெரும்பாலும் குடியிருப்பவர்தான் கட்டுவார், கையெழுத்தான 14 நாளுக்குள். ஆக முதல் சம்பளம் பார்ப்பதற்கு முன்னாலேயே பத்தாயிரம் வெள்ளி கையில் இருக்கவேண்டும். உங்களுக்கென்று ஏஜென்ட் வைத்தால் அவர் கமிஷன் வேறு. கம்பெனியில் டெபாசிட்டுக்குக் கடன் தருவார்களா, முதல் சில வாரம் தங்க இடம் தருவார்களா என்று ஹெச்ஆரிடம் வாய்விட்டுக் கேளுங்கள். கேட்கக் கூச்சப்படுவது நம்மவர்கள் மட்டும்தான்.

சம்பளத்தைப் பார்த்தும் ஏமாந்துவிடாதீர்கள். உங்களுக்கு சிபிஎஃப் (சேமநிதி) பிடித்தம் கிடையாது, வருமான வரியையும் மாதாமாதம் பிடிக்கமாட்டார்கள். 6,500-ம் முழுசாக வந்து விழும். முதல் வருஷம் எல்லோரும் பணக்காரர்கள்தான். அடுத்த வருஷம் வரி நோட்டீஸ் வரும்போதுதான் முழிப்பார்கள். உங்கள் சம்பளத்துக்கு, வரிச் சலுகைகளைக் கழிப்பதற்கு முன், மூவாயிரத்துச் சொச்சம் வரி வரும், தனியாக எடுத்து வையுங்கள். குடும்பத்துக்கு டிபென்டன்ட் பாஸ் வாங்க நிலையான மாதச் சம்பளம் 6,000 வேண்டும். உங்களுக்கு அது இருக்கிறது, ஆனால் போனஸ், ஓவர்டைம் அந்தக் கணக்கில் சேராது.

பலரும் வாடகையில் நூறு வெள்ளி குறைக்கப் பேரம் பேசுவார்கள், ஒப்பந்தத்தைப் படிக்கமாட்டார்கள். அதில் டிப்ளமாட்டிக் கிளாஸ் என்று ஒரு பிரிவு இருக்கிறதா என்று பாருங்கள். வேலை போனாலோ வேறு நாட்டுக்கு மாற்றினாலோ ஒப்பந்தத்தைப் பாதியில் முடித்துக்கொள்ள வழி தரும் பிரிவு அது. வழக்கமாக 12 மாதம் முடிந்த பிறகு இரண்டு மாத நோட்டீஸ், அதாவது எப்படியும் 14 மாத வாடகை உங்கள் தலையில். வேலை போனால் பாஸ் ரத்தாகும், கிளம்புவதற்குப் பொதுவாக 30 நாள்தான் தருவார்கள். அந்தப் பிரிவு இல்லையென்றால் ஊரில் உட்கார்ந்துகொண்டு இங்கே காலி வீட்டுக்கு வாடகை கட்டச் சொல்லுவார்கள். பாதியில் போனால் ஓனர் தன் ஏஜென்டுக்குக் கொடுத்த கமிஷனில் ஒரு பங்கை உங்களிடம் கேட்கும் வாசகமும் சில ஒப்பந்தங்களில் இருக்கும். சின்ன ரிப்பேர்களில் எத்தனை வெள்ளி வரை உங்கள் செலவு, ஏர்கான் சர்வீஸ் யார் பொறுப்பு என்பதையும் பாருங்கள். ஏர்கான் மூன்று மாதத்துக்கு ஒருமுறை, பெரும்பாலும் உங்கள் செலவு. ஒவ்வொரு ரசீதையும் பத்திரமாக வையுங்கள், காலி செய்யும் நாளில் கேட்பார்கள்.

சாவி வாங்கும் அன்று பெட்டியைப் பிரிக்காதீர்கள். ஃபோனை எடுத்துக்கொண்டு வீடு முழுக்க வீடியோ எடுங்கள். மெத்தையைத் தூக்கி அடிப்பக்கம், அலமாரிக் கதவின் உள்பக்கம், சமையலறைத் தொட்டிக்குக் கீழே ஊறிய பலகை, ஏர்கானுக்குக் கீழே சுவரில் தண்ணீர் இறங்கிய மஞ்சள் கோடு எல்லாம் அதில் இருக்கட்டும். அன்றே ஓனருக்கு அனுப்பிவிடுங்கள். எனக்குத் தெரிந்த ஒருவருக்கு, குடிவருவதற்கு முன்பே இருந்த கோட்டுக்காக முழுச் சுவரின் பெயின்ட் செலவையும் டெபாசிட்டில் கழித்தார்கள்.

வீவக விதிகளில் உங்களுக்கு வேண்டியது கொஞ்சம்தான். ஆறு மாதத்துக்குக் குறைவாக வாடகைக்கு விடமுடியாது, உங்களைப்போன்ற வெளிநாட்டவருக்கு ஒருமுறையில் இரண்டு வருஷம்தான் அதிகபட்சம். வெளிநாட்டவருக்கு முழு வீடு விடுவதற்கு ஒவ்வொரு புளோக்குக்கும் ஒரு வரம்பு உண்டு. அது நிரம்பிவிட்டால் ஓனரே விரும்பினாலும் தரமுடியாது, அறை மட்டும் எடுப்பதற்கு அந்த வரம்பு இல்லை. ஓனர் குடிமகனாக இல்லாமல் நிரந்தரவாசியாக இருந்தால் முழு வீட்டையும் விடக்கூடாது. இதற்காகச் சிலர் ஒரு அறையைப் பூட்டிவைத்து, ‘நானும் இங்கேதான் இருக்கிறேன்’ என்று காகிதத்தில் காட்டி மற்றதை உங்களிடம் விடுவார்கள். வாடகை கொஞ்சம் குறையும், சோதனை வந்தால் முதலில் வெளியே நிற்பது நீங்கள். உங்கள் பெயரை வீவகவில் பதிந்துவிட்டாரா என்று நீங்களே இணையத்தில் பார்த்துக்கொள்ளலாம், பாருங்கள்.

ஒரு கசப்பான விஷயம். ‘இந்தியர்களுக்கு இல்லை’ என்று நேராகவே விளம்பரம் போட்ட காலம் உண்டு. இப்போது அவ்வளவு வெளிப்படையாக எழுதுவதில்லை. பெயரைக் கேட்டதும், ‘சாரி, வீடு போய்விட்டது’ என்பார்கள், மறுநாளும் விளம்பரம் அப்படியே இருக்கும். கோபப்பட்டுப் பயனில்லை என்று நான் கற்றுக்கொண்டேன். இப்போதெல்லாம் வீடு தேடும் நண்பர்களுக்கு நானே முதல் மெசேஜ் எழுதித் தருகிறேன்: எத்தனை பேர், என்ன பாஸ், எந்தத் தொழில், எந்தத் தேதியில் குடிவரவேண்டும், தினமும் சமைப்போம், ஜன்னல் திறந்து புகைபோக்கி போட்டுத்தான் சமைப்போம். சமையலை மறைக்கவே கூடாது. ‘லைட் குக்கிங்’ என்று ஒத்துக்கொண்டு போய் முதல் நாளே மீன் குழம்பு கொதிக்கவிட்டவர்களால்தான் அடுத்து வருகிறவனுக்கும் கதவு மூடுகிறது. இதைச் சொன்னால் நம்மவர்களுக்கு என்மேல் கோபம் வரும், வரட்டும்.

இன்னொரு கூட்டமும் உண்டு. வந்த மாதமே நீச்சல் குளம் இருக்கிற காண்டோவில்தான் (தனியார் அடுக்குமாடி வீட்டில்தான்) இருப்பேன் என்று சம்பளத்தில் பெரும்பகுதியைக் கொட்டுவார்கள். குளத்தில் கால் நனைக்கவும் நேரமிருக்காது, ஊருக்கு அனுப்பும் ஃபோட்டோவில் மட்டும் குளம் இருக்கும். அதற்கு நேர்மாறாகச் சிலர் ஒரே வீட்டில் ஆள்மேல் ஆளாக அடைவார்கள். நாலறை வீட்டில் உறவில்லாதவர்கள் ஆறு பேர் என்று இருந்த வரம்பை 2024 ஜனவரியில் தற்காலிகமாக எட்டாக்கினார்கள். அதைத் தாண்டினால் சட்டமீறல்.

என் யோசனை, நீங்கள் முதலில் தனியாக வாருங்கள். ஓனரும் கூடவே குடியிருக்கும் வீவக வீட்டில் ஆறு மாதத்துக்கு ஒரு காமன் ரூம் (தனிக் குளியலறை இல்லாத அறை) எடுங்கள், ஆயிரம் வெள்ளியை ஒட்டி வரும். வேலை நிலைக்கிறதா, தகுதிகாண் காலம் முடிகிறதா என்று பாருங்கள். சனி ஞாயிறுகளில் வீடுகளை நேரில் போய்ப் பாருங்கள். மனைவி கோபித்துக்கொள்வார், தெரியும். என் வீட்டிலும் அந்தக் கோபம் நெடுநாள் இருந்தது. ஆனால் அவர் வந்து இறங்கியபோது யீஷூனில் எங்கள் பெயரில் ஒப்பந்தம் போட்ட வீடு இருந்தது. ஜன்னலுக்கு வெளியே மூங்கில் கழியில் துணி காயப்போடுவதை மட்டும் முதல் வாரம் பயந்து பயந்து செய்தார், பத்தாவது மாடி. அப்புறம் எனக்கே சொல்லிக்கொடுக்க ஆரம்பித்துவிட்டார்.

ஏரியா என்று தனியாக நல்லதும் கெட்டதும் இல்லை. ஆபிஸுக்கு ஒரே ரயிலில் போகிற மாதிரி பாருங்கள். வழித்தடத்தின் கடைசிப் பக்கம் போகப்போக வாடகை கொஞ்சம் இறங்கும்: உட்லண்ட்ஸ், செம்பவாங், சுவா சூ காங், ஜூரோங் வெஸ்ட், பொங்கோல். சாங்கி பிசினஸ் பார்க்கில் ஆபிஸ் என்றால் சீமெய், தெம்பனிஸ். லிட்டில் இந்தியா பக்கத்தில்தான் இருக்கவேண்டும் என்று அடம்பிடிக்காதீர்கள், கறிவேப்பிலை இப்போது எல்லாப் பேட்டையிலும் கிடைக்கிறது.

ஸ்கூல் பற்றி இப்போது யோசிக்கவே வேண்டாம். ஏழு வயது ஆகிற வருஷம்தான் முதலாம் வகுப்பு. அதற்குள் மனைவியும் வேலைக்குப் போவதாக இருந்தால் குழந்தைப் பராமரிப்பு நிலையத்தின் கட்டணத்தைக் கேட்டு வையுங்கள். குடிமக்கள் பிள்ளைகளுக்குக் கிடைக்கும் அரசு மானியம் உங்களுக்குக் கிடைக்காது, அந்தத் தொகையையும் வாடகையோடு சேர்த்துத்தான் கணக்குப் போடவேண்டியிருக்கும்.